படிவத்தில் இடமில்லாத கீரைகள்

தென்னாப்பிரிக்காவின் குவாஜூலு-நட்டாலில், டொங்காட் கரும்புத் தோட்டங்களைத் தாண்டி மேட்டுப்பக்கம் ஏறினால் இன்ட்வெட்வே. அந்தப் பக்கத்து கிளினிக்குகளில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எங்கள் படிவத்தில், 'வாரத்தில் எத்தனை நாள் காய்கறி சாப்பிடுகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி உண்டு. ஜூலுப் பாட்டிமார் பலர் "காசு ஏது?" என்று முடித்துவிடுவார்கள். கடை முட்டைக்கோசும் தக்காளியும்தான் அவர்கள் கணக்கில் காய்கறி. உள்ளூர்க்காரரான எங்கள் சுகாதாரப் பணியாளர் அந்தக் கேள்வியைப் படிக்கவே மாட்டார். "கோகோ (ஜூலுவில் பாட்டி), மழை பெய்த பிறகு மக்காச்சோளக் காட்டில் என்ன பறித்தீர்கள்?" என்பார். பெயர்கள் வரிசையாக வந்து விழும்.

எல்லாம் இமிஃபினோ, அதாவது கீரைகள். இம்புயா நம் குப்பைக்கீரை வகையறா. உம்சோபோ மணத்தக்காளிக்குச் சொந்தம். கறுத்துப் பழுத்த பழத்தில் ஜாம் போடுவார்கள், பச்சைக் காயைத் தொடமாட்டார்கள். உகாடோலோவின் விதை ஊசி ஊசியாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். அதில் இளங்கொழுந்துதான் சமையலுக்கு ஆகும். பறிப்பதும் ஆக்குவதும் பெண்கள். "பொம்பளைங்க சாப்பாடு" என்று ஒதுக்கும் ஆண்களும் உண்டு. (சட்டி இறங்கினால் முதலில் வந்து உட்காருவதும் அவர்கள்தான்.)

கசக்கும் கீரையை வேகவைத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். கொட்டாதே, வைட்டமின் சி போய்விடும் என்பது நாங்கள் படித்த பாடம். உண்மைதான். ஆனால் கசந்தால் பிள்ளை துப்பிவிடுமே! அந்த அறிவுரையை நான் சொல்வதில்லை. இம்புயாவுக்குத் தண்ணீர் கொட்ட வேண்டியதில்லை என்பதும் அவர்களுக்கே தெரியும். வெந்த கீரையில் மக்காச்சோள மாவைத் தூவிக் கிளறினால் இசிக்வாம்பா. சிலர் வேர்க்கடலையை இடித்துப் போடுவார்கள், நாம் கீரையில் பருப்புப் போடுகிற மாதிரி.

டர்பன் வார்விக் சந்தையில் எனக்குத் தெரிந்த தமிழ் ஆன்ட்டி ஒருவர் கீரைக்கட்டு விற்கிறார். 1860-க்கும் 1911-க்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தவர். இங்கே கீரையை 'ஹெர்ப்ஸ்' என்றுதான் கேட்பார்கள். "நம்ம பிள்ளைங்க கேட்கிறதில்லைம்மா, ஜூலு அம்மாக்கள்தான் கேட்டு வாங்குறாங்க" என்றார்.

என் கவலை களைக்கொல்லி. உழவர் கண்ணுக்கு இவையெல்லாம் களை. ஒருமுறை மருந்து அடித்தால் சோளம் நிற்கும், கீரை போய்விடும். மருந்து அடித்த காட்டில் பறிக்காதீர்கள், லாரி ஓடும் சாலையோரத்திலும் வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன். எந்தக் காட்டில் எப்போது அடித்தார்கள் என்று என்னைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது.