கசெற்றில் வந்த குரல்: ஒன்யேகா ஒன்வெனு

நம் கல்லூரி ஆசிரியர் அறையில் கதிரைகள் ஒவ்வொன்றாக வெறுமையான காலத்தை எண்பதுகளின் தொடக்கத்தில் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கணிதம், பௌதிகம், இரசாயனம் படிப்பித்த ஆசிரியர்கள் பலர் ஒப்பந்தத்தில் நைஜீரியாவுக்குப் போனார்கள். 1976இல் அந்த நாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று அறிவித்திருந்தது. அங்கே எண்ணெய்ப் பணம் இருந்தது, படிப்பிக்க ஆள் போதவில்லை. 1980இல் ஒரு நாயிராவின் பெறுமதி ஒரு அமெரிக்க டொலரிலும் கூட. விடுமுறையில் ஊர் வந்த ஆசிரியர்களின் பெட்டிகளில் ரேடியோவோடும் துணிகளோடும் லாகோஸ் கசெற்றுகளும் வந்தன. ஃபெலா குட்டி, கிங் சன்னி அடே, சன்னி ஒக்கோசுன் என்று ஆண்களின் பெயர்களே நிறைந்திருந்த அந்தக் கசெற்றுகளுக்குள் ஒரு பெண் குரலும் இருந்தது. ஒன்யேகா ஒன்வெனு. 2024 ஜூலை 30 அன்று லாகோஸில், ஒரு பிறந்தநாள் விழாவில் பாடி முடித்த சிறிது நேரத்தில் மயங்கி விழுந்து, அன்றிரவே காலமானார். வயது 72.

இங்கே வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகள் அவரைப் பாடகி என்றும் நடிகை என்றும் சொல்லி முடித்துக்கொண்டன. அது பாதிக் கணக்கு. அவர் முதலில் செய்தியாளர். கேள்வி கேட்கவும், சரிபார்க்கவும், கேட்பவருக்கு விளங்கும்படி சொல்லவும் பழகியவர். அந்தப் பழக்கம் பாட்டிலும் நடிப்பிலும் கடைசிவரை கூடவே வந்தது.

1952 ஜனவரி 31இல் பிறந்தார். குடும்பத்தின் சொந்த ஊர் இன்றைய இமோ மாநிலத்து அரோண்டிசுவோகு. வளர்ந்தது துறைமுக நகரான போர்ட் ஹார்கோட்டில். தகப்பனார் கல்வியாளர், நாடாளுமன்ற உறுப்பினர். அவர் வீதி விபத்தில் இறந்தபோது ஒன்யேகாவுக்கு நான்கு வயது. கிழக்கு நைஜீரியா பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிய முயன்று நடந்த உள்நாட்டுப் போர் தொடங்கிய 1967இல் பதினைந்து. போர் முடிந்தபின் அமெரிக்கா போய், மசாசூசெற்சில் உள்ள வெல்ஸ்லி பெண்கள் கல்லூரியில் சர்வதேச உறவுகளும் தொடர்பாடலும் படித்தார். பிறகு நியூயோர்க் நியூ ஸ்கூலில் ஊடகவியலில் முதுகலை. ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் வருவோருக்குச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியாகவும் வேலை செய்தார். 1980இல் நாடு திரும்பினார். அங்கே பட்டதாரிகள் ஒரு வருடம் தேசிய சேவை செய்யவேண்டும். அந்த வருடத்தை நைஜீரியத் தொலைக்காட்சியில் செய்தவர் அங்கேயே செய்தி வாசிப்பாளராகவும் நிருபராகவும் தொடர்ந்தார்.

1984இல் பிபிசியும் நைஜீரியத் தொலைக்காட்சியும் சேர்ந்து தயாரித்த ‘நைஜீரியா: எ ஸ்குவாண்டரிங் ஒஃப் ரிச்சஸ்’ என்ற ஆவணப்படத்தை எழுதி, கமராவுக்கு முன் நின்று சொன்னவர் இவர்தான். தலைப்பைத் தமிழில் ‘செல்வம் வாரியிறைக்கப்பட்ட கதை’ எனலாம். எண்ணெய் வருமானம் எங்கே போனது, ஊழல் எப்படி நடக்கிறது, எண்ணெய் எடுக்கப்படும் நைஜர் கழிமுகத்து மக்களுக்கு ஏன் ஒன்றும் மிஞ்சவில்லை என்று படம் கேட்டது. அந்தக் காலத்தை நினைவில் வைத்துப் பார்த்தால்தான் துணிவு விளங்கும். 1983 டிசம்பர் 31இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த வருடமே நான்காம் இலக்க ஆணை வந்து, அதிகாரிகளைச் சங்கடப்படுத்தும் செய்தி எழுதினால் சிறை என்றானது. இரண்டு பத்திரிகையாளர்கள் சிறைக்கும் போனார்கள். அரச தொலைக்காட்சியில் வேலை பார்த்த 32 வயதுப் பெண் அந்தக் கேள்விகளைத் தன் சொந்தக் குரலில், சொந்த முகத்தோடு கேட்டிருந்தார். கழிமுகப் பிரச்சினை உலகச் செய்தியானது தொண்ணூறுகளில்தான். என் பார்வையில் அவருடைய எல்லா வேலைகளிலும் இதுவே முதலிடத்துக்குரியது. பாட்டுகளின் புகழ் இதை மூடிவிட்டது.

பாட்டு இந்த வேலைக்குப் பக்கத்திலேயே நடந்தது. முதல் இசைத்தட்டு ‘ஃபோ த லவ் ஒஃப் யூ’, 1981. அதில் சன்னி ஒக்கோசுனின் ‘ஹெல்ப்’ பாட்டை வாத்தியக் குழுவோடு புதிதாக அமைத்துப் பாடினார். இரண்டாவதான ‘எண்ட்லெஸ் லைஃப்’பை ஒக்கோசுனே தயாரித்தார். மூன்றாவது ‘இன் த மோர்னிங் லைட்’, 1984, லண்டனில் பதிவானது. இவை ஈ.எம்.ஐ. இசைக் கம்பனியின் வெளியீடுகள். 1986இல் ‘வன் லவ்’ வந்தது. அந்தத் தலைப்புப் பாட்டை நைஜீரியர்கள் இன்றும் ஒற்றுமைப் பாட்டாகவே பாடுகிறார்கள்.

1986 இசைக்கலைஞர்களுக்கு ஒரு கெட்ட வருடமும்கூட. நாயிராவைச் சந்தையில் மிதக்கவிட்டார்கள். 1989இல் ஒரு டொலர் வாங்க ஏழு நாயிரா வேண்டியிருந்தது. ஊருக்குப் பணம் அனுப்ப முடியாமல் நம் ஆசிரியர்கள் திரும்பியதும் இதனால்தான். ஒலிநாடா, இசைத்தட்டு அச்சிடும் மூலப்பொருள், வாத்தியங்கள் எல்லாம் டொலரில் வாங்குபவை. லண்டனில் பதிவு செய்வது பெரும்பாலானவர்களுக்குக் கைக்கெட்டாததாயிற்று. இசைத்தட்டு விலை ஏற, மக்கள் கசெற்றுக்கு மாறினார்கள். கசெற்றைக் களவாகப் பிரதி எடுக்க ஒரு சிறு அறையும் சில இயந்திரங்களும் போதும். புதிய பதிப்புரிமைச் சட்டம் 1988இல்தான் வந்தது.

ஒரு பாடகருக்குப் பணம் மூன்று வழியில் வரும்: விற்பனையில் பங்கு, ஒலிபரப்புக்கான கொடுப்பனவு, மேடை. களவுப் பிரதி முதலாவதை அரித்துவிட்டது. இரண்டாவதை, பாட்டைப் போடுவதே பாடகருக்குச் செய்யும் உபகாரம் என்று நினைத்த நிலையங்கள் கொடுக்கவில்லை. ஆகவே மேடைதான் மிஞ்சியது. நைஜீரியாவின் பெரிய பாடகர்கள்கூடத் திருமணங்களிலும் பிறந்தநாள்களிலும் பாடுவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். ஒன்வெனு இரண்டாவது வழியை விட்டுக்கொடுக்க மறுத்தார். 2000இல் ‘இயோகோகோ’ என்ற தன் பாட்டை அரச தொலைக்காட்சி அனுமதியின்றிப் பயன்படுத்தியது என்று றோயல்ற்றி கேட்டார். பதிலுக்கு அவருடைய பாட்டுகளையே அங்கே தடுத்தார்கள். தான் செய்தி வாசித்த அதே நிறுவனத்தின் வாசலில் அவர் உண்ணாவிரதம் இருந்தார். பாடகர் சார்லி போய் துணைக்கு வந்தார். சில நாட்களில் உடன்பாடு வந்தது. அங்கே மற்றப் பாடகர்கள் இதை நன்றியோடு நினைக்கவேண்டும்.

கிங் சன்னி அடேயோடு பாடிய ‘வெயிட் ஃபோ மீ’, ‘சொய்சஸ்’ இரண்டும் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ஆக்கப்பட்டவை. பிரசாரப் பாட்டு எழுதுபவர்கள் இவற்றைப் பாடமாக எடுக்கலாம். பிரசாரப் பாட்டு பெரும்பாலும் தோற்பது, புத்தி சொல்லத் தொடங்கியதும் கேட்பவர் வானொலியை மூடிவிடுவதால். இங்கே புத்திமதி காதல் உரையாடலுக்குள் இருக்கிறது: காத்திரு, காலம் வரட்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுவதால் பொறுப்பு பெண்ணின் தலையில் மட்டும் விழவில்லை. அடே யொருபா இனத்தவரின் ஜூஜூ இசைக்கு மன்னர், ஒன்வெனு இக்போ இனத்தவர். ஆகவே பாட்டு ஒரு இனத்துக்குரியதாக ஒதுங்கவும் இல்லை. 1988இல் வந்த ‘டான்சிங் இன் த சன்’ இசைத்தட்டில் வின்னி மண்டேலாவுக்கு ஒரு பாட்டு உண்டு. 1990இல் மண்டேலா தம்பதியர் நைஜீரியா வந்தபோது அதை அவர்கள் முன்னிலையிலேயே பாடினார். தொண்ணூறுகளில் கிறிஸ்தவ பக்திப் பாட்டுகளுக்கு மாறினார்.

நடிப்பு பிந்தி வந்தது. 1992இல் ‘லிவிங் இன் பொண்டேஜ்’ என்ற இக்போ மொழி வீடியோப் படம் வி.எச்.எஸ். நாடாவாக நேரே கடைகளில் விற்கப்பட்டு ஓடிய பிறகுதான் நொலிவூட் என்ற நைஜீரியத் திரைப்படத் தொழில் வளர்ந்தது. தியேட்டர் தேவையில்லை, ஃபிலிம் சுருள் தேவையில்லை. நடுவயதுப் பெண்களுக்கும் தாய், மாமி வேடங்களில் நல்ல இடம் கிடைத்தது. ஒன்வெனு அங்கே நடிக்கத் தொடங்கி, 2013இல் ‘ஹாஃப் ஒஃப் எ யெலோ சன்’ படத்தில் நாயகன் ஒடெனிக்போவின் தாயாக வந்தார். பியாஃப்ரா போரைப் பற்றிய அந்தப் படம் முதலில் திரையிடப்பட்டது ரொறன்ரோ விழாவில். நைஜீரியாவில் தணிக்கைச் சபையின் தாமதத்தால் 2014 ஓகஸ்டில்தான் வெளிவந்தது. படித்த மருமகளை வேண்டாமென்று கிராமத்திலிருந்து வந்திறங்கும் அந்தத் தாயை அவர் வில்லியாக்கவில்லை. தன் மகனை யாரோ கொண்டுபோகிறார்கள் என்ற பயம் ஒவ்வொரு சொல்லிலும் கேட்கும். அந்தப் போரைப் பதின்ம வயதில் பார்த்தவர் அவர்.

2018இல் ஜெனிவீவ் நாஜி இயக்கிய ‘லயன்ஹார்ட்’. எனுகுவில் பேருந்துக் கம்பனி நடத்தும் குடும்பத்தின் தாய் வேடம். ஆங்கிலமல்லாத மொழிப் படங்களுக்கான ஒஸ்கார் பிரிவுக்கு நைஜீரியா அனுப்பிய முதல் படம் அது. உரையாடலில் பெரும்பகுதி ஆங்கிலம் என்று 2019 நவம்பரில் தகுதி நீக்கினார்கள். 95 நிமிடத்தில் இக்போ 11 நிமிடமளவே. ஆங்கிலமும் இக்போவும் ஒரே வசனத்துக்குள் கலப்பதுதான் அந்த வீடுகளின் உண்மைப் பேச்சு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கேட்கத் தொடங்குபவர்கள் ‘வன் லவ்’வில் தொடங்கி, ‘வெயிட் ஃபோ மீ’ கேட்டு, பிறகு ‘எக்வே’க்கு வாருங்கள். எக்வே என்பது மரக்கட்டையைக் குடைந்து வாய் வெட்டிய இக்போ முரசு. வாயின் இரு உதடுகளில் ஒன்றைத் தட்டினால் உயர்ந்த ஒலி, மற்றதில் தாழ்ந்த ஒலி. இக்போ மொழியும் அப்படித்தான்: ‘அக்வா’ என்பதை இரண்டு அசையும் உயர்த்திச் சொன்னால் அழுகை, உயர்த்தித் தாழ்த்தினால் துணி, தாழ்த்தி உயர்த்தினால் முட்டை, இரண்டும் தாழ்ந்தால் கட்டில். மெட்டுப் போடுபவர் சுரத்தைக் கண்டபடி ஏற்றி இறக்கினால் சொல்லே மாறிவிடும். ஆங்கிலப் பாட்டுகளில் குரலை நீட்டி வளைக்கும் அதே ஒன்வெனு, இக்போவில் பாடும்போது அசைகளைச் சுருக்கி முரசோடு நெருக்கி வைப்பார். மொழி தெரியாமலே அந்த வித்தியாசம் காதில் படும். நல்ல ஒலிபெருக்கியில், முரசைக் கவனித்துக் கேளுங்கள்.