அடுக்கு யார் தலையில் இருக்கிறது?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ் மீடியம், டியூஷனில் மலையாளம். பள்ளிக் கணக்கில் அடுக்கு (எண்ணின் தலையில் எழுதும் குட்டி எண்) என்று சொல்லிக் கொடுத்ததை டியூஷன் மாஷ் கிருத்யங்கம் என்பார், அடுக்கோடு சேர்ந்த எண்ணைக் கிருதி என்பார். பாலக்காட்டில் வளர்ந்தவனுக்குக் கிருதி என்றால் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் ஞாபகத்துக்கு வருவார். முதல் வாரம் முழுக்க எனக்கு அது பாட்டு வகுப்பு மாதிரியே இருந்தது.

எட்டாம் வகுப்பு ஓணப் பரீட்சைக்கு விதிகளை வாய்ப்பாடு போல ஒப்பித்துக்கொண்டு போனேன். பெருக்கினால் அடுக்கைக் கூட்டு, வகுத்தால் கழி, அடுக்குக்கு மேல் அடுக்கு வந்தால் பெருக்கு. ஒப்பித்ததில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் திரும்பி வந்த தாளில் பாதிக்கு மேல் சிவப்பு. மாஷ் அதை வாங்கிப் பார்த்தார், திட்டவில்லை. ஒரு கணக்கில் மேலே நின்ற குட்டி 3-இன் மேல் விரலை வைத்து, “இதாருடெ தலையிலா?” என்று மட்டும் கேட்டார். இது யார் தலையில் உட்கார்ந்திருக்கிறது? இன்று சாயங்காலங்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நானும் அதைத்தான் கேட்கிறேன்.

(மாறிக்கு இங்கே ‘ம’ என்று எழுதுகிறேன். உங்கள் புத்தகத்து எக்ஸ்தான் அது.)

2ம³ என்பதில் 3 உட்கார்ந்திருப்பது ம-வின் தலையில் மட்டும். 2 சும்மா பக்கத்தில் நிற்கிறது. (2ம)³ என்றால் அடைப்புக்குறியின் தலையில். அப்போது 2ம × 2ம × 2ம, அதாவது 8ம³. நான் இதற்கு 2ம³ என்று எழுதிவிட்டு வந்திருந்தேன். −3² அடுத்த குழி. 2 இருப்பது 3-இன் தலையில்தான், மைனஸ் வெளியே நிற்கிறது. ஆகவே விடை −9. (−3)² என்று எழுதியிருந்தால்தான் 9. எக்ஸெலில் =−3^2 என்று தட்டினால் 9 வரும், ஏனென்றால் அது மைனஸை முதலில் எடுத்துக்கொள்கிறது. பரீட்சைத் தாளில் அந்த வழக்கம் கிடையாது.

விதி மறந்துபோனால் பதற வேண்டாம், விரித்து எழுதிவிடுங்கள். ம³ × ம² என்றால் மூன்று ம, கூட இரண்டு ம, எல்லாம் பெருக்கலில். எண்ணிப் பார்த்தால் ஐந்து, எனவே ம⁵. (ம³)² என்றால் மும்மூன்றாக இரண்டு கூட்டம், ம⁶. ம³ + ம² மட்டும் அப்படியே இருக்கும், அதைச் சேர்க்க முடியாது. தோட்டத்து வேலியின் நீளத்தையும் தோட்டத்தின் பரப்பையும் யாராவது கூட்டுவார்களா? ஒத்த உறுப்புகளை மட்டும்தான் கூட்டலாம்.

அப்புறம் கூட்டல் உள்ள அடைப்புக்குறி. (ம + 3)² என்றதும் கை தானாக ம² + 9 என்று எழுதும். எனக்கு ரொம்ப நாள் எழுதியது. 2 அடைப்புக்குறியின் தலையில்தானே, உள்ளே இருக்கிற இருவருக்கும் பங்கு கொடுத்தால் என்ன என்று தோன்றும். பெருக்கலில் நிற்பவர்களுக்குத்தான் அந்தப் பங்கு. ம மீட்டர் பக்கமுள்ள சதுர வயலை நீளத்திலும் அகலத்திலும் 3 மீட்டர் கூட்டுங்கள். பழைய வயல் ம². பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டை, ஒவ்வொன்றும் 3ம. மூலையில் 9 சதுர மீட்டர் துண்டு. மொத்தம் ம² + 6ம + 9. ம² + 9 என்று எழுதுகிறவர் இரண்டு பட்டையையும் யாருக்கோ விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறார்.

விடை சரிதானா என்று பார்க்க ம-வுக்கு ஓர் எண்ணைப் போடுங்கள். எந்த எண் என்பதில் கவனம் வேண்டும். ஒரு பையன் ம² + ம² = ம³ என்று எழுதிவிட்டு, “2 போட்டுப் பார்த்தேன் அண்ணா, ரெண்டு பக்கமும் 8 வருது” என்று என்னோடு சண்டைக்கு வந்தான். அவன் சொன்னது உண்மை, இரண்டு பக்கமும் 8 வரும். 2 அப்படிப்பட்ட எண்: 2 + 2, 2 × 2, 2² மூன்றும் 4. நிறைய தப்பை அது மறைத்துவிடும். 0, 1 இரண்டையும் நம்ப முடியாது. 3 போடச் சொன்னேன். ஒரு பக்கம் 18, இன்னொரு பக்கம் 27. சண்டை முடிந்தது.

பூஜ்ஜிய அடுக்கில் பெரிதாக ஒன்றுமில்லை. 2³, 2², 2¹ என்று இறங்கினால் 8, 4, 2, ஒவ்வொரு படியிலும் பாதியாகிறது. அடுத்த படி 1, அதற்கடுத்தது அரை. அதனால் 2⁰ = 1, 2⁻¹ = ½. அடுக்கில் மைனஸ் வந்தாலே விடையும் மைனஸ் என்று நினைத்துவிடாதீர்கள்.

சுருக்குவதில் மதிப்பெண் அதிகம் போவது 5ம − 2(ம − 3) போன்ற இடத்தில். −2 உள்ளே போய் ம-வையும் பெருக்க வேண்டும், −3-ஐயும் பெருக்க வேண்டும். 5ம − 2ம + 6, அதாவது 3ம + 6. அவசரத்தில் 3ம − 6 என்று முடிப்பவர்கள் ஏராளம். ம = 3 போட்டால் கேள்வியில் 15 வரும், அந்தத் தப்பு விடையில் 3 வரும்.

கேரள எஸ்.எஸ்.எல்.சி.யில் எழுதத் தொடங்குவதற்கு முன் 15 நிமிடம் கூல் ஆஃப் டைம் உண்டு. அதில் விடை எழுத முடியாது, கேள்வியைப் படிக்கலாம். நான் பேனாவைத் தொடாமல், அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் நிற்கிற கணக்குகளைக் கண்ணால் தேடி வைத்துக்கொண்டேன். மணி அடித்ததும் தலை தெளிவாக இருக்கும்போதே முதலில் அவற்றை முடித்தேன்.