‘இந்தப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்’: ஒரு காது டெஸ்டுக்கு அலைந்த கதை

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று முடிவான ஒரு பதில் வாங்குவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இதயத்துக்கு எக்கோ, தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை எல்லாம் சொன்ன நேரத்தில் நடந்தன. காதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்று வயது நெருங்கியும் மகன் ‘ம்மா’வைத் தாண்டவில்லையே என்று போன இடமெல்லாம் கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: “இந்தப் பிள்ளைங்க லேட்டாத்தான்மா பேசும்.” அந்தப் பேச்சின் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

பிறந்தபோது காது கேட்கிறதா என்று பார்க்க எடுத்த ஓ.ஏ.இ. டெஸ்டில் ‘பாஸ்’ என்று இருந்ததைக் காட்டியே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகள் பலருக்குக் காதுத் துவாரம் குறுகல். மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாயும் சரியாகத் திறக்காது. பிறந்தபோது நன்றாக இருந்த காதில்கூட, பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் வலி இல்லை, சீழ் இல்லை. கேட்பது மட்டும் குறைந்துகொண்டே போகும். இரண்டு காதும் தனித்தனியாக நன்றாகக் கேட்கிறது என்று உறுதியாகும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதலே சொல்கிறது. இதை எங்களுக்குச் சொன்னது எந்த டாக்டரும் இல்லை, பேச்சுப் பயிற்சி தரும் பெண். “காது ரிப்போர்ட் இல்லாம நான் எதை வச்சுக்கா பயிற்சி ஆரம்பிக்கிறது?” என்றார்.

முதலில் பார்த்த இ.என்.டி. டாக்டர், “காது ரொம்பச் சின்னது, உள்ள தெரியல. நல்லாத்தான் இருக்கும், எதுக்கும் பெரா எடுத்துடுங்க” என்று எழுதிக் கொடுத்தார். தூங்கும் பிள்ளையின் தலையில் எலெக்ட்ரோடு ஒட்டி, ஒலி கொடுத்து, கேட்கும் நரம்பும் மூளையும் காட்டும் பதிலை அளக்கும் டெஸ்ட் அது. தெரியவில்லை என்றால் எப்படி நன்றாக இருக்கும் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பெரா எடுக்கும் இடத்துக்கு போன் செய்து என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டோம். “குழந்தை தூங்கணும், அவ்வளவுதான்.” திண்டுக்கல்லில் பஸ் ஏறியவன் மதுரை வரும்வரை அருமையாகத் தூங்கினான். டெஸ்ட் அறைக்குள் போனதும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டான். சரி, தூக்க மருந்து கொடுங்கள் என்றால், டியூட்டி டாக்டர் எக்கோ ரிப்போர்ட் கேட்டார். அது வீட்டு பீரோவில் இருந்தது. அவர் கேட்டது சரிதான். இதயப் பிரச்சினையோ தூக்கத்தில் மூச்சுத் திணறலோ இருக்கும் பிள்ளைக்கு யோசிக்காமல் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. கவுன்ட்டரில் இருந்தவர் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டதற்கு, “எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மேடம்” என்றார். அன்றைய பஸ் செலவும் என் கணவர் போட்ட லீவும் வீண்.

அடுத்த முறைக்குள் விவரமாகிவிட்டோம். விடியற்காலையிலேயே எழுப்பி, பஸ்ஸில் தூங்கவே விடாமல் அவன் அப்பா விளையாட்டுக் காட்டிக்கொண்டே வந்தார். முந்தின நாள் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, தலையில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டோம். எண்ணெய் இருந்தால் எலெக்ட்ரோடு ஒட்டாது. பிள்ளை குறட்டை விடுமா என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டு காதிலும் மிதமான குறைபாடு என்று வந்தது. மை காய்வதற்குள் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். “இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா ரெண்டு காது மிஷினுக்கும் டிஸ்கவுன்ட்.” நல்லவேளையாகப் பேச்சுப் பயிற்சிப் பெண் போனில், “டிம்பனோமெட்ரி எடுக்காம எதுக்கும் பணம் கட்டாதீங்கக்கா” என்று தடுத்தார். காதுக்குள் காற்றழுத்தத்தை மாற்றி, செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது.

அரசு மருத்துவமனையிலேயே டி.ஈ.ஐ.சி. என்று குழந்தைகளின் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டு கவனிக்கும் மாவட்ட மையம் இருப்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறந்ததிலிருந்து 18 வயதுவரை இலவசமாகப் பார்க்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம், பிறவிக் காது கேளாமை இரண்டுமே அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ளவை. கூட்டம் இருக்கும், காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே காது டெஸ்ட் எடுக்கும் ஆடியாலஜிஸ்ட்தான் முதல்முறையாக, “முதல்ல அழுக்கை எடுக்கணும்” என்றார். குறும்பி அடைத்திருந்தாலும் டிம்பனோமெட்ரியில் தட்டையான கோடுதான் வருமாம். குறுகிய துவாரம் என்பதால் மைக்ரோஸ்கோப் வைத்துத்தான் சுத்தம் செய்தார்கள். சுத்தம் செய்த பிறகும் கோடு தட்டை, ‘டைப் பி’. எலும்பு வழியாக ஒலி கொடுத்து மறுபடி பெரா எடுத்ததில் உள்காதில் கோளாறு இல்லை என்று தெரிந்தது. நடுக்காதில்தான் நீர். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தோம், வற்றவில்லை. செவிப்பறையில் கிரோமெட் என்ற சின்னக் குழாய் வைக்க முடிவானது.

உள்காதே பாதித்திருந்தாலோ, கிரோமெட் நுழையாத அளவு துவாரம் குறுகலாக இருந்தாலோ மிஷின்தான் வழி, அதை நான் குறை சொல்லவில்லை. தலையில் பட்டை போலக் கட்டி, எலும்பு வழியாகக் கேட்க வைக்கும் மிஷினும் இருக்கிறது. எது தேவை என்று தெரிவதற்கு முன்பே விற்கப் பார்த்ததுதான் ஆத்திரம்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் கழுத்து விஷயத்தைக் கட்டாயம் பேசுங்கள். இந்தப் பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். காது ஆபரேஷனில் தலையைத் திருப்பி வைப்பார்கள், அதனால் கவனம் தேவை. எங்கள் டாக்டர் அவராகவே கேட்டார். ஆபரேஷன் சுருக்கமாக முடிந்து அன்றே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அந்த வாரமே மிக்ஸி போட்டதும் மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதான். அதுவரை பக்கத்திலேயே உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருப்பான். மாமியார் என்னைத் திட்டத் திட்ட, நான் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன்.

கிரோமெட் சில மாதங்களில் தானாக விழுந்துவிடும், நீர் மறுபடியும் சேரலாம். அதனால் ஆறு மாத ரிவ்யூவை விடுவதில்லை. எண்ணெய்க் குளியலில் காதில் எண்ணெய் விடும் பழக்கத்தையும் மாமியாரிடம் ஒரு மல்லுக்கட்டுக்குப் பிறகு நிறுத்திவிட்டோம். இன்னொன்று: டிம்பனோமெட்ரி பிரின்ட் பஸ் டிக்கெட் மாதிரியான தாளில் வந்தால், அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். எங்களுடைய முதல் ரிப்போர்ட் இப்போது வெறும் வெள்ளைத் தாள்.