மலையேறி வந்த அவுட்போர்டு மோட்டார்

ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட். அதற்குள் பெரிய குளம் ஒன்று, ஆகாயத்தாமரை அள்ளுவதற்கு ஒரு ஃபைபர் படகு. அதில் மாட்ட, எஸ்டேட்காரர் குளச்சலில் இருந்து பழைய அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறம் தொங்குகிற, புரொப்பல்லரோடு சேர்ந்த எஞ்சின்) ஒன்றை வாங்கி வந்துவிட்டார். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பெட்ரோல். கவாத்து மெஷின், மருந்தடிக்கும் பம்பு, ஆர்எக்ஸ் 100 என்று டூ ஸ்ட்ரோக்கை வைத்தே பிழைப்பு ஓட்டுகிறவன் என்பதால் மோட்டார் என்னிடம் வந்தது.

"ஏமாத்திட்டாங்க தம்பி. இழுவையே இல்ல, கொஞ்ச தூரம் போனா நின்னுடுது" என்றார். கேட்டால் ஒரே கோளாறு மாதிரித்தான் தெரியும். ஆனால் இழுவை இல்லாதது வேறு, ஓடி நிற்பது வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தேன். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒயர்களை பாடியில் எர்த் கொடுத்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, கேஜ் முள் இதற்கு மேல் ஏறாது என்கிற வரை கயிற்றை இழுக்க வேண்டும். மேல் சிலிண்டர் 90 பிஎஸ்ஐ, கீழ் சிலிண்டர் 87. கடற்கரை மெக்கானிக் யாரைக் கேட்டாலும் 120 வர வேண்டிய இடம் இது, பிஸ்டன் ரிங் தேய்ந்துபோய்விட்டது என்பார். எஸ்டேட்காரரும் முகம் சுண்டிப்போய் அதையேதான் சொன்னார். ஆனால் ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குதான். உள்ளே போகிற காற்றே குறைவு என்றால் கேஜிலும் குறைவாகத்தான் காட்டும். கீழே 120 காட்டுகிற சிலிண்டர் மலையில் 90ஐ ஒட்டி வந்தால் அது நல்ல சிலிண்டர். இங்கே பார்க்க வேண்டியது ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஸ்பார்க் இரண்டிலும் நீலமாக, சுளீரென்று வந்தது. அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்தது, ஓடி நிற்கிற கோளாறு. 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டினால் எவ்வளவு நேரமானாலும் நிற்காது. குளத்தில் இறக்கி முழு வேகம் கொடுத்தால்தான் நிற்கும். குளச்சலில் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார், வள்ளங்களுக்கு அவுட்போர்டு பார்க்கிறவர். போனில் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மக்கா, நிக்கப் போவும்போ டியூபுல இருக்க ரப்பர் பல்பை அமுக்கிப் பாத்தியா?"

அமுக்கினேன். படகு குலுங்கி மறுபடி வேகம் பிடித்தது. விட்டால் தொய்ந்தது. ஆக, பெட்ரோல் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. சந்தேகப்பட மூன்று இடங்கள்: டேங்க் மூடியின் காற்றுத் திருகு, டியூபில் எங்காவது காற்று இழுப்பது, பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்கிற மெல்லிய ரப்பர் தகடு. மூடியைத் தளர்த்தி ஓட்டியும் நின்றது, அதனால் முதலாவது இல்லை. பல்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு துண்டு கண்ணாடி டியூப் போட்டுப் பார்த்தேன், குமிழி இல்லை. மிச்சம் பம்பு. பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸில், பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்தத் துடிப்பில்தான் அந்த டயஃப்ரம் அடிக்கிறது. கழற்றிப் பார்த்தால் அட்டை போல விறைத்து, ஓரத்தில் மயிரிழை கிழிசல். மெதுவாக ஓடும்போது அதுவே போதும், முழு வேகத்துக்குப் பற்றாது. இப்போது பங்கில் வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர்கள் தாங்குவதில்லை. அதிலும் எங்கள் ஊர் மூடுபனியில் பாதி காலியான டேங்கை மாதக்கணக்கில் வைத்தால் அடியில் தண்ணீர் சேராமல் இருக்காது. டயஃப்ரத்தோடு டியூபையும் மாற்றிவிட்டேன்.

நிற்பது நின்றது. இழுவை மட்டும் அப்படியே இருந்தது. பிளக் ஒயரில் சுற்றுகிற மலிவான ஆர்பிஎம் மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். புத்தகத்தில் முழு வேகத்துக்கு 5,000 முதல் 5,500 வரை போட்டிருந்தது. குளத்தில் 4,300ஐத் தாண்டவில்லை. புரொப்பல்லரின் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறதோ என்று ஹப்பிலும் இறக்கையிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுப் பார்த்தேன். ஓடி முடித்த பிறகும் கோடு நேராகவே இருந்தது. முழு வேகத்தில் சட்டென்று ஆஃப் செய்து பிளக்கைக் கழற்றினால் இரண்டுமே கறுத்து ஈரமாக இருந்தன. காற்று குறைந்திருக்கிறது, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட் அதே பழைய அளவு பெட்ரோலை விடுகிறது. இது கோளாறே இல்லை, மலை. 300 மீட்டருக்குச் சுமார் மூன்று சதவீதம் வீதம் சக்தி குறையும் என்று வைத்தால், ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதை யாராலும் திருப்பித் தர முடியாது. இருக்கிற சக்தியை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மெயின் ஜெட்டை ஒரு அளவு குறைத்தேன். பிளக் பழுப்பு நிறத்துக்கு வந்தது, 4,700 கிடைத்தது. அப்புறம் புரொப்பல்லர். எஸ்டேட்காரர் பெரியதாகப் போடலாமா என்றார். வேண்டியது நேர் எதிரானது: மேட்டில் செகண்ட் கியர் போடுகிற மாதிரி, பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னே தள்ளும் தூரம்) குறைந்தது. ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் வரை ஏறும். குளச்சல் பெரியவரே இரண்டு அங்குலம் குறைந்த ஒன்றைத் தேடிப் பார்சல் போட்டார். மீட்டர் 5,000ஐத் தாண்டியது.

உப்புத் தண்ணீர் கதை தனி. கூலிங் தண்ணீர் வெளியே பீய்ச்ச வேண்டிய துளையில் சொட்டு சொட்டாக வந்தது. தண்ணீரை மேலே ஏற்றும் இம்பெல்லரின் ரப்பர் இறகுகள் ஒரே பக்கம் மடங்கி நின்றுவிட்டன. எஞ்சின் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட்டில் உப்பு கட்டியிருந்தது. இரண்டையும் புதிதாகப் போட்டேன். கியர் ஆயில் பால் மாதிரி வெளுக்கவில்லை, அதாவது உள்ளே தண்ணீர் இறங்கவில்லை, அதனால் சீல்களைத் தொடவில்லை. ஆயில் விஷயத்தில் மட்டும் எஸ்டேட்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்: பைக்குக்கு ஊற்றும் டூ டி ஆயில் வேண்டாம், அவுட்போர்டுக்கென்று வரும் டிசி-டபிள்யூ3 என்று போட்டதைத்தான் வாங்க வேண்டும், இந்த மோட்டாருக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி.

கழற்றிய பெரிய ஜெட்டையும் பழைய புரொப்பல்லரையும் ஒரு பையில் போட்டு, சீட்டு எழுதி டூல்ஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன். இந்த மோட்டார் மறுபடி கீழே விலை போனால் முதல் வேலையாக அந்த ஜெட்டை மாட்ட வேண்டும். சின்ன ஜெட்டோடு கடல் மட்டத்தில் ஓட்டினால் பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் பற்றாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.