செல் எங்கிருந்து வருது, மாமா?

என் அக்கா மகள் போச்சம்பள்ளி பக்கம் ஒரு மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "மாமா, வண்டிய நாம செய்யறோம், பேட்டரிக்குள்ள இருக்கற செல் மட்டும் ஏன் பெரும்பாலும் கப்பல்ல வருது?"

நல்ல கேள்வி. ஓசூரில் ஏதர், டிவிஎஸ், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின்சார ஸ்கூட்டருக்கு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தைத்தான் கைகாட்டுகிறார்கள், செல் ஆலைகூட வந்துவிட்டது. ஆனால் செல்லுக்குள் போகிற பொடியைச் செய்யும் பக்குவம் இன்னும் நம் கைக்கு முழுதாக வரவில்லை.

அந்தப் பக்குவத்தை எந்த நாடும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதைத்தான் அவளுக்குச் சொன்னேன். 1970களில் அமெரிக்காவில் ஒரு எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இங்கிலாந்துக்காரரான விட்டிங்ஹாம் லித்தியம் பேட்டரி வேலையை ஆரம்பித்தார், 1980ல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த அமெரிக்கர் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடு போட்டு வோல்டேஜை இரட்டிப்பாக்கினார், 1985ல் ஜப்பானின் யோஷினோ அதைப் பத்திரமாகப் பயன்படுத்தும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார், 1991ல் சோனி விற்பனைக்கு விட்டது. 2019ல் மூவருக்கும் நோபல். 97 வயதான குட்இனஃப்புக்காக ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை வாசித்தவர் அவருடன் பல வருடம் வேலை செய்த ஆறுமுகம் மந்திரம், நம் தமிழ்நாட்டுக்காரர். இதைக் கேட்டதும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

இப்போது பல வண்டிகளில் வரும் எல்எஃப்பி பேட்டரியும் அப்படித்தான். லித்தியமும் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த அந்தப் பொருள் 1990களில் டெக்சாஸில் குட்இனஃப் ஆய்வகத்திலிருந்து வந்தது. அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, மேலே கரியை மெல்லிசாகப் பூசினால் கடத்தும் என்று காட்டியது கனடாவின் கியூபெக்கில். மலைமலையாகச் செய்து விலையைக் குறைத்தது சீனா.

அதே சீனா 2023 டிசம்பரிலிருந்து செல்லின் எதிர்முனைக்குப் போகும் கரியான கிராஃபைட் ஏற்றுமதிக்கு அனுமதி வாங்கச் சொல்கிறது, 2025 ஜூலையில் எல்எஃப்பி பொடி செய்யும் தொழில்நுட்பத்துக்கும் கட்டுப்பாடு போட்டது. இந்தியா 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கட்டமார்காவில் லித்தியம் தேட ஒப்பந்தம் போட்டது நல்ல காரியம்தான், ஆனால் சுரங்கம் மட்டும் கிடைத்து என்ன செய்ய? வெளிநாடுகளோடு கூட்டு ஆய்வகம் வேண்டும், நம் பிள்ளைகள் அங்கே போய்க் கற்று வரவேண்டும், அங்குள்ள ஆய்வாளர்களும் இங்கே வரவேண்டும். என்னைக் கேட்டால் நிலம், வரிச்சலுகை எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அரசு முதலில் மெனக்கெட வேண்டும்.

அடுத்தது சோடியம் பேட்டரி. எடைக்கு எடை பார்த்தால் லித்தியம் அளவுக்கு மின்சாரம் பிடிக்காது, ஆனால் சோடியம் உப்பிலேயே இருக்கிறது. அதன் எதிர்முனைக்கு வேண்டிய கடினக் கரியை கொட்டாங்குச்சியிலிருந்தே செய்யலாம், நாங்கள் தினமும் வெந்நீர் அடுப்பில் போட்டு எரிக்கிறோமே, அதே கொட்டாங்குச்சி!

அவள் தம்பி பிளஸ் டூ படிக்கிறான். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பரீட்சை முடியட்டும் என்றாள் அக்கா. சரி, முடியட்டும்.