மரிக்கொழுந்து

டவுன் ரதவீதியில பூக்கார ஆச்சி, "முழம் தாரேன், வச்சுக்கோ தாயி"ன்னு மல்லியோட மரிக்கொழுந்தும் சேத்துக் கட்டித் தந்தாவ. சாம்பல் பூத்த பச்சை, பொடிப்பொடியா கிழிஞ்ச மாதிரி இலை. ஒண்ண கசக்குனேன். கை கழுவிட்டு ராத்திரி சோறு பிசையும்போதும் விரல்ல அதே வாசம்!

மாசிபத்திரிக்கு இது சொந்தக்காரச் செடிதான். தவனம்னும் சொல்லுவாங்க. கர்நாடகத்துல வயல் வயலா போட்டு, பூத்த நேரத்துல அறுத்து, ஆவியில எண்ணெய் வடிக்காங்க. 100 கிலோ பச்சைத் தழைக்கு அரைக்கிலோகூட தேறாது. அதுல முக்கியமான வாசனைப் பொருளுக்குப் பேரே தவனோன். அது வெளிநாட்டு சென்ட்டுக்கெல்லாம் போகுது.

அம்மா பட்டுச்சேலை மடிப்புல காஞ்ச கொத்து வைப்பா. நேத்து அந்தச் சேலையப் பிரிச்சேன். இலை தூளா உதிர்ந்துச்சு. வாசம் அப்படியே இருந்துச்சு.