ஒரே பெயரை இரண்டு என்று சொன்ன பட்டியல்

சிங்கப்பூரில் ஏப்ரல் தமிழ்மொழி விழாவையொட்டி நடந்த ஒரு பேச்சுப் போட்டியின் பெயர்ப்பட்டியல் என்னிடம் வந்தது. ஒரே பிள்ளை இரண்டு தடவை வந்திருக்கிறதே என்று ஏற்பாட்டாளர் தரப்பில் கேட்டால், "எக்செல்ல டூப்ளிகேட் தூக்கிட்டா சரியாயிடும் லா" என்று போனை வைத்துவிட்டார். சரியாகவில்லை. திரையில் அச்சு அசலாக ஒன்றாகவே தெரியும் இரண்டு 'கோபால்'களை எக்செல் வேறு வேறு ஆளாக வைத்திருந்தது. அதற்குள் அவர் அதே பட்டியலை அச்சுக்கும் அனுப்பிவிட்டதால், சிராங்கூன் ரோடு வரை போய் இரட்டைச் சான்றிதழ்க் கட்டோடு திரும்பினேன். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

எக்செல்லை விட்டுவிட்டு, பைத்தான் என்ற நிரல்மொழியில் இறங்கினேன். அதில் ஃபைலைப் படிக்கவைப்பது சுலபம். அதோடு வரும் டிஃப்லிப் என்ற ஒப்பீட்டுத் தொகுப்பில், ஏறக்குறைய ஒத்த சொற்களைத் தேடித்தரும் கெட்_குளோஸ்_மேட்சஸ் இருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒன்றுக்கு 0.6 மதிப்பெண் வந்தாலே ஒத்த சொல் என்று எடுத்துக்கொள்ளும். தமிழுக்கு அதை அப்படியே நம்பாதீர்கள். கமலாவும் விமலாவும் 0.67 வாங்கினார்கள். கண்ணனும், யாரோ 'கன்னன்' என்று தட்டிவைத்த அதே கண்ணனும் வெறும் 0.5, கண்ணிலேயே படவில்லை! எல்லையை ஏற்றினாலும் இறக்கினாலும் இது தீராது, ஒப்பிடும் முன்பே சுத்தம் செய்தாக வேண்டும்.

முதலில் யூனிகோடு, அதாவது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் வைத்திருக்கும் எண்முறை. 'கோ'வின் ஓகாரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம், பார்த்தால் தெரியாது. பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுப்பில் இருக்கும் நார்மலைஸுக்கு என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) என்று கொடுங்கள், கோபால் ஒருவராகிவிடுவார். கௌரிக்கு அது போதாது. ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டி 'கெளரி' ஆக்கியிருப்பார்கள், அதை நாமேதான் மாற்ற வேண்டும். ஆனால் அந்த ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் தொடவே கூடாது, இல்லையென்றால் அப்பா பெயரில் இருக்கும் வெள்ளைச்சாமி சிதைந்துபோவார்.

அப்புறம், ஒப்பிடுவதற்கு மட்டும் ஒரு நகல் எடுத்து அதில் ண, ந இரண்டையும் ன என்றும், ள, ழ இரண்டையும் ல என்றும், ற என்பதை ர என்றும் மாற்றினேன். கண்ணன் சேர்ந்தார், அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நிரலே பெயரை நீக்க விடாதீர்கள். ஒத்துப்போகும் பெயர் ஜோடிகளைப் பள்ளி, வகுப்போடு தனி ஃபைலில் எழுதவைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். போன் நம்பர் ஒன்றாக இருக்கிறதே என்று மட்டும் முடிவெடுக்க வேண்டாம். கமலாவும் விமலாவும் அக்கா தங்கை, இரண்டு பேருக்கும் கொடுத்திருந்தது அவர்கள் அம்மாவின் நம்பர்.